கட்டிலில் ஓடிய கொழும்பு பஸ்

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லையே என்று மூன்று பேர் விசாரித்திருந்தீர்கள். மூவருக்கும் நன்றி. மற்றவர்கள் நிம்மதியாக இருந்திருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

காரணம் ஒன்றும் பெரிதில்லை. என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல்.

‘பூ, இவ்வளவுதானா?’ என்கிறீர்களா? பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தூக்கி மடியில் போட்டுக்கொள்ளலாம். சீனியைக் காட்டி ஏமாற்றி மருந்து கொடுக்கலாம். எண்பத்திரண்டு கிலோ எடையும் முறுக்கு மீசையுமாக இருக்கிற ஒரு மனிதருக்கு நூற்று நான்கு டிகிரி வந்தால்? மடியில் போட முடியுமா? எதைக் காட்டி ஏமாற்றுவது?

செல்வராஜை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள், குறைந்தது அவருடைய பின்மண்டையையாவது. பொகவந்தலாவையிலிருந்து கொழும்புக்குப் போகும் பஸ்ஸின் டிரைவர் அவர்தான். ஒரு நாள் போவார், அங்கேயே பஸ்ஸுக்குள் படுத்துக்கொள்வார், மறுநாள் திரும்பி வருவார். நான் இங்கே பள்ளிக்கூடத்தில் டீச்சர். பாதி நாட்கள் சந்திக்காததால்தான் எங்கள் குடும்பம் சண்டையில்லாமல் ஓடுகிறது என்பது என் அபிப்பிராயம்.

செவ்வாய்க்கிழமை வந்தவர், “சோறு வேணாம்” என்றார்.

எங்கள் வீட்டில் அது அபாய அறிவிப்பு. நெற்றியைத் தொட்டேன். தோசைக்கல்!

பஜாரில் உள்ள டொக்டரிடம் இழுத்துப் போனேன். இளைஞர், மட்டக்களப்புக்காரர். அவர் நோயாளியை விட்டுவிட்டு என்னிடம் பேசியதிலிருந்தே அனுபவசாலி என்று தெரிந்தது.

“பனடோல் மட்டும் குடுங்க. ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா, ரெண்டு. வேற எந்த வலி மாத்திரையும் குடுக்க வேணாம். கஞ்சி, இளநீர் எல்லாம் நல்லாக் குடிக்கட்டும். போர்த்தி மூடாம, இளஞ்சூட்டுத் தண்ணியில உடம்பைத் துடைச்சு விடுங்க. மூணாவது நாள் ரத்தம் டெஸ்ட் பண்ண வேணும். காய்ச்சல் விட்டாலும் பண்ண வேணும்.”

‘விட்டாலும்’ என்பதை இரண்டு தடவை சொன்னார். அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் சுவரில் இருந்த கலண்டரை வெகு அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை வட்டவளையிலிருந்து ராசம்மா அண்ணி வந்து இறங்கினார். வீட்டுக்காரருடைய ஒரே அக்கா. முப்பது வருடம் தேயிலைக் கொழுந்து பறித்த கை, அதைவிட வலுவான வாய். கையில் ஒரு பொட்டலம் கொத்தமல்லி. தோளில் மூன்று கம்பளி.

“என்னா விமலா, தம்பிய இப்புடித் தெறந்து போட்டு வச்சிருக்க? வெறைச்சுப் போயிருவான்!”

“மூடக் கூடாதுன்னு டொக்டர் சொன்னாருங்க அண்ணி.”

“அந்த டொக்டருக்கு எந்த ஊரு?”

“மட்டக்களப்பு.”

“அதான பாத்தேன். அங்க வெயிலு. நம்ம குளிரப் பத்தி அவருக்கு என்னா தெரியும்?”

பன்னிரண்டு வருடமாகப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். இந்தப் பாடம் எந்தப் புத்தகத்திலும் வரவில்லை.

அன்று காலை முழுவதும் எங்கள் வீட்டில் மௌனப் போர். நான் கஞ்சி வைக்க அடுப்படிக்குப் போனால் மூன்று கம்பளியும் அவர் மேல் ஏறும். அண்ணி கொத்தமல்லி அவிக்கப் போனால் மூன்றும் இறங்கும். யாரும் யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. குடும்பம் என்றால் அப்படித்தானே... மரியாதையாகத்தான் சண்டை போடுவோம்.

நான்காவது சுற்றில் நோயாளி வாய் திறந்தார். “ஏங்க, ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க. நான் வேகணுமா, வெறைக்கணுமா?”

இதற்கிடையில் காய்ச்சல் பார்க்க வந்தவர்கள் வேறு. நம் சனத்துக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. வெறுங்கையோடு வரமாட்டார்கள் — பிஸ்கட் கொண்டுவருவார்கள். கூடவே ஒரு கதையும் கொண்டுவருவார்கள். “எங்க மேமலைத் தோட்டத்துல ஒருத்தருக்கு இதே மாதிரித்தான் வந்துச்சு டீச்சர். நல்லா திடகாத்திரமான ஆளு...” என்று தொடங்கும். அந்தத் திடகாத்திரமான ஆள் இப்போது எப்படி இருக்கிறார் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. இல்லை, இருக்கிறாரா என்றே கேட்கக் கூடாது.

பின்னேரம் மூன்று மணி இருக்கும். தெர்மோமீட்டர் நூற்று நான்கைத் தொட்டது. கட்டிலிலிருந்து ஒரு சத்தம்.

“ர்ர்ர்ர்...”

எட்டிப் பார்த்தேன். வீட்டுக்காரர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். இரண்டு கையும் அந்தரத்தில் ஒரு ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கின்றன. வலது கால் கட்டில் சட்டத்தை மிதித்துக்கொண்டிருக்கிறது. பஸ் ஓடுகிறது!

“இஸ்ஸரஹட யன்ன! முன்னுக்குப் போங்க, முன்னுக்குப் போங்க! நடுவுல எடம் இருக்கு!”

துணியும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு கட்டிலோரம் நின்றேன். என்னை முறைத்தார்.

“அம்மா, புட்போர்ட்ல நிக்காதீங்க.”

“ஏங்க, நான் உங்க பொண்டாட்டிங்க.”

“பொண்டாட்டின்னாலும் புட்போர்ட்ல நிக்கக் கூடாது. உள்ள ஏறுங்க.”

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. இரண்டு பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம். அவர் கினிகத்தேனை வளைவுகளில் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனார்.

பிறகு சட்டென்று சிரிப்பு நின்றது. அவர் கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்துக்கொண்டும் இருந்தது. ஆனால் அந்தப் பார்வையில் நான் இல்லை. ஏதோ ஒரு பிரயாணி நின்றுகொண்டிருந்தாள்.

அண்ணியே கம்பளியை உருவிக் கீழே போட்டார். சுடுதண்ணீரை விளாவிக் கொண்டுவந்தார். ஒரு கையை நான் துடைத்தேன், ஒரு கையை அவர் துடைத்தார். கழுத்து, முதுகு, அக்குள். ஒரு மணித்தியாலம் கழித்து நூற்று ஒன்று. பஸ் எங்கோ நின்றுவிட்டது. டிரைவர் தூங்கிப்போனார்.

வியாழக்கிழமை காலை, அதிசயம்! காய்ச்சல் இல்லை. தொண்ணூற்று எட்டு. எழுந்து பல் தேய்த்து, மீசையை முறுக்கிக்கொண்டு, “என் சேர்ட்ட அயர்ன் பண்ணிட்டியா? நாளைக்கு கொழும்பு ட்ரிப்பு” என்றார்.

“நாளைக்குப் பாத்துக்கலாம். இன்னைக்கு ரத்தம் டெஸ்ட் பண்ணப் போறோம்.”

“காய்ச்சல் இல்லாதவனுக்கு என்னாத்துக்கு ரத்தம்?”

“டெங்குவா இருந்தா?”

“டெங்குவா? பொகவந்தலாவையிலயா? இந்தக் குளிருக்கு இங்க நுளம்பு வரணும்னா ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுத்தான் வரணும்.”

“இங்க வர வேணாங்க. நீங்கதான் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொழும்புல அதுங்களுக்கு விருந்து வைக்கிறீங்களே.”

அவர் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தார். விஷயம் நுளம்புக்கடி இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மனிதருக்கு ஊசி என்றால் பயம்! மலையைச் சுற்றுகிற பாதையில், மூடுபனியில், எதிரே லொறி வந்தாலும் அசராத ஆள்... ஒரு சின்ன ஊசிக்கு.

நான் வாதாடித் தோற்று அடுப்படிக்கு வந்தேன். பின்னாலேயே அண்ணி வந்தார். ‘பாத்தியா, என் கம்பளிதான் கேட்டுச்சு’ என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

அவர் கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார்.

“விமலா... தம்பி வாய் கொப்புளிச்சுத் துப்புன தண்ணி செவப்பா இருந்துச்சு. சொல்லாதன்னு எங்கிட்ட கண்ணைக் காட்டுனான்.”

இரத்தம்! அடுப்பை அணைத்தேன். அண்ணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். “நீ சீலைய மாத்து. அவன நான் கெளப்புறேன்.”

எப்படிக் கிளப்பினார் என்று எனக்குத் தெரியாது. அறைக்குள் இரண்டு நிமிடம் பேச்சு கேட்டது. வெளியே வந்தபோது வீட்டுக்காரர் செருப்பு மாட்டியிருந்தார்.

ஹட்டன் பஸ்ஸில் முன் சீட். நோயாளிக்கு அதுதான் பெரிய வேதனை. ஒவ்வொரு வளைவிலும் இல்லாத பிரேக்கை மிதித்தார். “கியரக் கொற... கொற...” என்று முணுமுணுத்தார். நோர்வூட் தாண்டியதும் அந்த டிரைவர் தம்பி திரும்பிப் பார்த்தார். “அண்ணே, நீங்களே ஓட்டுறீங்களா? நான் வேணும்னா எறங்கிக்கிறேன்.”

ஆஸ்பத்திரியில் ஒரு சிங்கள நர்ஸ். “பய வென்ன எப்பா மாத்தயா” — பயப்படாதீங்க ஐயா — என்று அன்பாகச் சொல்லிக்கொண்டே ட்ரேயைத் திறந்தார். ஊசி இன்னும் உறைக்குள்தான் இருந்தது. ஐயா அதற்குள் என் தோளில் சாய்ந்து மயங்கிவிட்டார். எண்பத்திரண்டு கிலோ! இரத்தம் எடுத்து முடிக்கும்வரை அண்ணியும் நானும் முட்டுக்கொடுத்து நின்றோம்.

ரிப்போர்ட் வந்தது. டெங்குதான். பிளேட்லெட் குறைந்திருக்கிறது, உடனே வார்டில் சேர்க்க வேண்டும் என்றார் லேடி டொக்டர். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டார்.

“காய்ச்சல் எப்ப தொடங்கினது?”

“செவ்வாய்க்கிழமை” என்றேன் நான்.

கட்டிலிலிருந்து மெல்லிய குரல். “இல்லீங்க டொக்டர்... ஞாயித்துக்கெழம. கொழும்புலயே.”

நான் திரும்பிப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை வந்தது என்று நான் நினைத்த காய்ச்சல் அதற்கு இரண்டு நாள் முந்தியே வந்திருக்கிறது. அதோடு எனக்குத் தெரியாமல் அன்றே ஊருக்கு வந்து, திங்கட்கிழமை மறுபடி பஸ்ஸை எடுத்துக்கொண்டு போய், திரும்பியும் வந்திருக்கிறார்.

“காய்ச்சலோடயா பஸ் ஓட்டினீங்க?” என்றார் டொக்டர்.

“பனடோல் போட்டுக்கிட்டேங்க.”

டொக்டர் பேனாவை வைத்துவிட்டார். எனக்கு அந்தப் பாதை முழுவதும் கண்ணுக்குள் ஓடியது. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். பின்னால் ஐம்பது பேர் நம்பிக்கையோடு தூங்கி வழிந்துகொண்டிருக்கிறார்கள். டிரைவருக்குப் பாதை எது, கட்டில் எது என்று தெரியாமல் போயிருந்தால்?

அண்ணிதான் பேசினார். பேசவில்லை, முதலில் தோளில் ஓர் அடி வைத்தார்.

“பின்னால ஒக்காந்திருந்த சனத்துக்கும் வூடு வாசல் இருக்குல்லடா தம்பி?”

நாற்பத்தெட்டு வயது மனிதர், சிறு பிள்ளை மாதிரிக் கண் கலங்கினார். “லீவு சொன்னா ட்ரிப்பு நின்னு போயிரும்னு நெனச்சேன்க்கா. தப்புதான்.”

பிறகு நர்ஸ் இரண்டாவது ஊசியைக் கொண்டுவந்தபோது அவர் மயங்கவில்லை. முகத்தைக்கூடத் திருப்பவில்லை. கையை நீட்டினார்.

ஐந்து நாள் வார்டில் நுளம்பு வலைக்குள் இருந்தார். குடித்தது எவ்வளவு, போனது எவ்வளவு என்று நர்ஸ்மார் மணிக்கு மணி எழுதினார்கள். “ஏறுனது எத்தன, எறங்குனது எத்தனன்னு எங்க கொண்டக்டர்கூட இப்புடி எழுத மாட்டான்” என்றார். பகிடி பேசத் தொடங்கிவிட்டார், இனிப் பயமில்லை என்று அப்போதுதான் நான் மூச்சு விட்டேன்.

இப்போது வீட்டில் ஓய்வு. அண்ணி கம்பளிகளைச் சுருட்டிக்கொண்டு வட்டவளைக்குப் போய்விட்டார். அக்கம்பக்கத்தில் யாராவது தும்மினால் போதும், வீட்டுக்காரர் வேலிக்குப் போய்விடுகிறார். “மூணாவது நாள் ரத்தம் பாத்தீங்களா? காய்ச்சல் விட்டாலும் பாக்கணும். அப்பத்தான் முக்கியமாப் பாக்கணும்!” அந்த ‘விட்டாலும்’ என்பதை இவரும் இரண்டு தடவை சொல்கிறார்.

உங்களுக்கும் அதையேதான் சொல்கிறேன். காய்ச்சல் ‘போய்ட்டு வாரேன்’ என்று சொன்னால், ‘வாரேன்’ என்பதையும் கொஞ்சம் காதில் வாங்குங்கள்.

நேற்று மத்தியானம் அவர் படுத்திருந்தபோது பக்கத்தில் போய் நெற்றியில் கை வைத்தேன். குளிர்ந்திருந்தது. கண்ணைத் திறந்தார்.

“அதான் காய்ச்சல் போயிருச்சே. இன்னும் என்னா தொட்டுப் பாக்குற?”

“சும்மா... பழக்கம்.”

“அப்ப கைய எடுக்காத” என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அடுப்பில் சோறு அடிப்பிடிக்கிற வாசம் வந்தது. பிடிக்கட்டும் என்று இருந்துவிட்டேன்.