மாதம் ஒருமுறை குழுவை விட்டுப் போகிறவள்

மாதவிடாய் வருவதற்கு முந்திய நாட்களில் எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும்.

முந்தாநாள் கருவாடு போட்டு விற்கும் எங்கள் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் நான் போட்ட கட்டா மீன் கருவாட்டுப் படத்துக்கு ஒருத்தியும் பதில் போடவில்லை. "உங்கட சங்காத்தமே வேண்டாம்" என்று எழுதிவிட்டு வெளியேறினேன்.

இன்று காலை மாதவிடாய் வந்தது. கோபம் போய் வெட்கம் பிடித்துக்கொண்டது. இனி எந்த முகத்தோடு அவர்களிடம் போவது?

அதற்குள் குழுவில் இருக்கும் சிலாவத்துறை ஊர் றஹ்மா என்னைத் திரும்பச் சேர்த்துவிட்டாள். உடனே அவளை அழைத்தேன்.

"மற்றவைக்கு என்னடி சொன்னனி?"

"உங்கட போனைக் கழுதை மிதிச்சதில தானா எழுதுப்பட்டுப் போச்சு எண்டு சொன்னன் அக்கா."

"போன மாசமும் கழுதையைத்தானேடி சொன்னனி?"

"ஓம். எல்லாரும் நம்பின மாதிரித்தான் இருக்கினம்."

சிரித்துச் சிரித்தே அழுதுவிட்டேன். ஆண்டவரே, இவளுகளை எனக்குத் தந்ததற்கு நன்றி.

உங்களை யார் திரும்பச் சேர்க்கிறார்கள்? வெட்கப்படாமல் எழுதுங்கோ.