கறுப்புக் கரை போட்ட படம்

என் தம்பி பெரிய மனிதர்களின் கையெழுத்துகளைச் சேர்த்துக்கொண்டிருந்தான். தறியில் உட்காருகிற பையனுக்கு இது என்ன பழக்கம் என்று காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவே கேட்டது. நெய்த புடவைகளைக் கடையில் கொடுக்க அப்பாவோடு, எங்களுக்கு நைனாவோடு, மதராஸ் போகும்போதெல்லாம் அவன் விளையாட்டு மைதானத்து வாசலில் போய் நின்றுவிடுவான். ரோஜா, மஞ்சள், இளநீலம் என்று பக்கத்துக்குப் பக்கம் நிறம் மாறும் ஆட்டோகிராப் புத்தகம் அவனுடையது. கால்பந்துக்காரர்கள், ஹாக்கிக்காரர்கள், பொருட்காட்சிக்கு வந்த ஒரு நாடக நடிகர். ஆளுக்கு ஒரு பக்கம்தான். பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தவர் யார், அப்படியே நீட்டியவர் யார் என்பதெல்லாம் அவனுக்கு நினைவிருக்கும்.

நேரில் பிடிக்க முடியாதவர்களுக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதுவது என் வேலை. நான் பள்ளி இறுதி வகுப்பு வரை படித்தவள். ஒரு வரி எழுதிவிட்டு, இது மரியாதையாக இருக்கிறதா, பிழையா என்று யோசித்து அடித்துவிட்டு மறுபடி எழுதுவேன். அவனுக்குப் பொறுமை போய்விடும். கல்யாணமாகி உத்திரமேரூருக்கு வந்த பிறகும் அந்த வேலை என்னிடமே இருந்தது.

என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அவனுக்கு எலும்புருக்கி நோய் என்று தெரிந்தது. இருமலைத் தறித் தூசியால் வந்தது என்று வீட்டில் நெடுநாள் விட்டுவிட்டார்கள். ரத்தம் வந்த பிறகுதான் மதராஸ் பக்கத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். போய்ப் பார்க்க எனக்குத் தவிப்பாக இருந்தது. ஆனால் பால் குடிக்கிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்த வார்டுக்குப் போகக் கூடாது. விட்டுவிட்டும் போகக் கூடாது என்றார் மாமியார். போய் வந்த புடவையோடு குழந்தையைத் தொட்டால் என்ன ஆகும் என்று கேட்டார். அவர் தடுத்ததில் எனக்குள் ஒரு மூலையில் நிம்மதியும் இருந்ததோ என்று இப்போதும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

நைனா மூலம் அவன் சொல்லி அனுப்பினான். வேகப்பந்து போடுகிற ஓர் இளம் கிரிக்கெட்காரரின் கையெழுத்து வேண்டும். வார்டில் யாரோ வைத்திருந்த ரேடியோவில் அவர் ஆட்டத்தைக் கேட்டிருக்கிறான். பதில் ஆஸ்பத்திரிக்கு வந்தால் கை மாறித் தொலைந்துவிடும், அக்கா வீட்டு விலாசம் கொடுக்கட்டும் என்றும் சொல்லியிருந்தான். எழுதிப் போட்டேன். நைனா போகும்போதெல்லாம் அவன் முதலில் கேட்டது அந்தப் பதிலைத்தானாம். அது வரும்வரை அவன் இருப்பான் என்று நானாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். வராமல் போனால் என்ற எண்ணமும் கூடவே வந்தது.

குழந்தைக்கு அம்மை குத்த ஒருநாள் நான் வெளியே போயிருந்தேன். திரும்பி வந்தபோது தெருவாசல் முழுக்க ஈரம். மாமியார் நனைந்த தலையோடு, முடியை விரித்துப் போட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து கையை நீட்டினார்.

"குயந்தைய இப்டி குடு. நீ போயி தலைக்கு தண்ணி ஊத்திக்கோ."

ஏன் என்று கேட்டுக்கொண்டே குழந்தையைக் கொடுத்தேன்.

"உன் தம்பி பூட்டாம்மா. கடுதாசி வந்துச்சி. கியிச்சி போட்டுட்டேன்."

எங்கள் பக்கத்தில் சாவுச் செய்தி சொல்லும் கார்டின் மூலைகளில் கறுப்பு மை தடவி அனுப்புவார்கள். அதை வாசலுக்குள் கொண்டுவர மாட்டார்கள். தெருவிலேயே படித்து, கிழித்துப் போட்டு, தலை முழுகிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். மாமியார் அதைத்தான் செய்திருந்தார். நானும் கிணற்றடிக்குப் போய்க் குடம் குடமாக ஊற்றிக்கொண்டேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து என்னைக் கட்டிக்கொண்டார்கள். எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது.

கார்டை எழுதியது யார், எப்போது எடுக்கிறார்கள் என்ற கேள்வி பிறகுதான் தோன்றியது. நைனா கார்டு போட்டுவிட்டுக் காத்திருக்கிறவர் இல்லை, ஆளைத்தான் அனுப்பியிருப்பார். மாமியாருக்குப் படிக்கத் தெரியாது. யார் படித்துச் சொன்னது என்று கேட்டேன்.

"படிக்க இன்னா கீது? தபால்காரன் உன் தம்பி பேரச் சொல்லிதான் குடுத்தான். அவன் போட்டோ போட்டு, சுத்தி கறுப்பு கட்டிகீது. அத்தப் பாத்தா தெரியாதா?"

ஓடிப்போய்ச் சாக்கடை ஓரத்தில் தேடினேன். அவர் தலையில் ஊற்றிய தண்ணீர் ஓடிய வழியில் இரண்டு துண்டுகள் கிடந்தன. கெட்டியான அட்டை. வெள்ளைச் சட்டை போட்ட ஓர் இளைஞன், கையில் பந்து, நாலு பக்கமும் அகலமான கறுப்புக் கரை. மறுபக்கத்தில் என் தம்பியின் பெயரும் எங்கள் வீட்டு விலாசமும். அந்த ஆட்டக்காரர் படத்தை உறையில் போடாமல், பின்புறத்தில் விலாசம் எழுதித் தபால்தலை ஒட்டி அனுப்பிவிட்டார். படத்தின் கீழே ஊதா மை கரைந்து ஒரு திட்டாக நின்றது.

அவன் உயிரோடு இருக்கிறான் என்று சொன்னபோது மாமியார் குழந்தையை இறுக்கிக்கொண்டு மறுபடியும் அழுதார். பிறகு, செத்ததாகச் செய்தி வந்தவனுக்கு ஆயுசு கெட்டி என்றார். அன்று சாயங்காலம் அவரே சொன்னார்:

"நீ போய்ப் பாத்துட்டு வா. குயந்தைக்கு மாட்டுப் பால் ஊத்தி நான் பாத்துக்கறேன்."

ஒரு மணி நேரம் அவனை இழந்தவராக இருந்ததால்தான் அவருக்கு மனம் இளகியது என்று நினைக்கிறேன்.

துண்டுகளை வெயிலில் காயவைத்து, கஞ்சிப் பசை தடவி ஒட்டினேன். கொண்டுபோகலாமா, இன்னும் வரவில்லை என்று சொல்லிவிடலாமா என்று செங்கல்பட்டு வரை பஸ்ஸிலும், பிறகு ரயிலிலும் குழம்பிக்கொண்டே போனேன். கட்டிலில் அவனைப் பார்த்ததும் கொடுத்துவிட்டேன். முழங்கை எலும்பு மட்டும் பெரிதாகத் தெரிந்தது. குழந்தை கிழித்துவிட்டாள் என்றேன்.

அவன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கறுப்புக் கரை மேல் விரலை ஓட்டினான். புடவைக் கரையைச் சரிபார்க்கிற மாதிரிதான்.

"பொய் சொல்லாதக்கா. நான் பூட்டேன்னு நெனச்சி யாரோ கியிச்சிகீறாங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"தலை முயுகினியா?"

"ம்."

"உன் மாமியாரு?"

"அவங்கதான் மொதல்ல."

அவன் சிரிக்கப் போய் இருமினான். இருமல் அடங்கியதும் ஒவ்வொன்றாக விசாரித்தான். யார் யார் வந்தார்கள், என்ன சொல்லி அழுதேன், அடுப்பை அணைத்துவிட்டோமா. ஊர்க்கதை கேட்பது போலக் கேட்டான். நானும் எல்லாவற்றையும் சொன்னேன். வேறு யாரால் அதை அவனிடம் சொல்ல முடியும்?

"பரவால்ல, நல்லாதான் அய்திருக்க" என்றான்.

அட்டையைப் புத்தகத்தில் வைக்கவில்லை. கையெழுத்து தெரியாதது கணக்கில் சேராதாம். இன்னொரு கடிதம் எழுதச் சொன்னான்; இந்தத் தடவை உறையில் வைத்து அனுப்பும்படி கேட்கச் சொன்னான். வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். அன்று ஒரு வரியையும் அடிக்கவில்லை.

ஐப்பசி மழையில் அவன் போனான். செய்தியைச் சைக்கிளில் வந்த சித்தப்பா மகன் சொன்னார். மாமியார் குடத்தைத் தொடவே இல்லை. "நல்லா வெசாரிச்சியாப்பா? யார் பாத்தாங்க?" என்று அவரை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவன் துணி, பாய், கையெழுத்துப் புத்தகம் எல்லாவற்றையும் எரித்துவிடும்படி ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். நைனா அப்படியே செய்தார். எனக்கு ஒரு கைக்குழந்தை இருந்ததால் அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேனா, தெரியவில்லை.

பொங்கலுக்குப் பிறகு அவன் பெயருக்கு ஓர் உறை வந்தது. மாமியார் அதைக் கிழிக்காமல், ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கி என்னிடம் கொடுத்தார். அதே படம். அதே கறுப்புக் கரை. கீழே கையெழுத்து தெளிவாக இருந்தது. ஒட்டுவதற்கு ஒரு பக்கம் இல்லை.

இவர்தான் பந்து போடுகிறவர், தம்பி கேட்டது இவரைத்தான் என்று சொன்னேன். மாமியார் படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"இவனும் சின்னப் பையனாத்தான் கீறான்" என்றார். "இவனாச்சும் நல்லா இருக்கட்டும்."