பூசணிப் பிஞ்சுக்கு நேரே ஒரு விரல்

நான் நான்காவது படித்தபோது அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்ளவில்லை. மாமா வீட்டுக் காதுகுத்துக்கு அப்பா வரவில்லை. கம்பெனியில் ஓ.டி. இருக்கிறது என்றார். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு மதுரைப் பக்கம் போய்வந்தாள். வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டாள்.

ஜூஜுவாடியில் ஒற்றை அறை லைன் வீடு. அதில் இரண்டு பேர் பேசாமல் இருப்பது சுலபமில்லை. நடுவில் நான் இருந்தேன்.

"உங்கப்பாவச் சாப்பிட வரச் சொல்லு" என்பாள் அம்மா. அப்பா தட்டுக்கு முன்னால்தான் உட்கார்ந்திருப்பார்.

"பசியில்லன்னு சொல்லு" என்பார். நான் சொல்லி முடிப்பதற்குள் பாதி சோறு காலியாகியிருக்கும்.

பக்கத்துக் காலி சைட்டின் ஓரத்தில் அப்பா வெள்ளைப் பூசணி விதை போட்டிருந்தார். பந்தல் கிடையாது. தரையில்தான் ஓடவிட வேண்டும். இளங்கொடியின் நுனியை மெல்லத் திருப்பிவிட்டு, கணுவில் ஒரு கை மண் அணைத்தால் அங்கேயே வேர் பிடித்துவிடும். அப்பா சைட்டுப் பக்கம் திருப்பிவிட்டு ஷிப்டுக்குப் போவார். அவர் தலை மறைந்ததும் அம்மா வீட்டுச் சுவர்ப் பக்கம் திருப்புவாள்.

"அந்தப் பக்கம் எருமை மேயுது. உங்கப்பாட்டச் சொல்லு."

"இந்தப் பக்கம் சோப்புத் தண்ணி வருது. வேர் வெந்துரும். உங்கம்மாட்டச் சொல்லு."

கொடி இப்படியும் அப்படியும் வளைந்து கிடந்தது. வாடகை வாங்க வந்த ஓனரம்மா, தெலுங்குக்காரர், பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஏம் பாப்பா, பூசணிக் கொடி போட்டீங்களா, தொப்பூர் மலை ரோடு போட்டீங்களா?"

இதை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. இரண்டு பேரிடமும் சொன்னேன். இரண்டு பேரும் தனித்தனியாகச் சிரித்தார்கள்.

அந்தக் கொடியிலும் பூ வந்தது. ஒரு பூவுக்கு அடியில் கோலிக்குண்டு அளவில் பிஞ்சு. "அப்பா, அதோ" என்று விரலை நீட்டினேன். அப்பா பாய்ந்து வந்து என் விரலை மடக்கினார்.

"பிஞ்சுக்கு விரல் நீட்டக் கூடாது. வெம்பிப் போயிரும். கைய மூடித்தான் காட்டணும்."

மறுநாள் அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அப்பா கொடிக்குப் பக்கத்தில் போய் நின்றார். கையை முழுசாக நீட்டினார். ஆள்காட்டி விரல் பிஞ்சுக்கு நேராக இருந்தது.

"பாப்பா, இங்க பாரு, எம்புட்டுப் பெருசு!" என்று லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தம் போட்டார்.

அம்மா ஈரக்கையோடு ஓடிவந்தாள்.

"ஐயோ, விரல மடக்குங்க! வெம்பிரும்! நீங்கல்லாம் வெள்ளாமை பாக்குற சம்சாரி வீட்டுப் பிள்ளையா?"

"அப்படியா? அப்ப எதால காட்டுறது?"

விரல் நீட்டியபடியே இருந்தது. அம்மாதான் பிடித்து மடக்கினாள்.

"ஓ.டி. பாத்துப் பாத்து எல்லாம் மறந்துபோச்சு உங்களுக்கு" என்று ஆரம்பித்தாள். காதுகுத்துக் கதை முழுக்க வந்தது. அப்பா தலையாட்டிக்கொண்டே கேட்டார். அன்று சாப்பாட்டுக்கு என்னை யாரும் தூது அனுப்பவில்லை.

பிஞ்சு வெம்பவில்லை. பெருத்துக் காயாகி, ஆயுத பூஜைக்கு அப்பாவின் மெஷினுக்கு முன்னால் உடைபட்டது.

அப்பா விரல் நீட்டிய அன்றே எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. அம்மாவிடம் ரகசியமாகப் போய், "நேத்து அப்பாதாம்மா எனக்கு அதச் சொல்லிக் குடுத்தாரு. அதுக்குள்ள மறந்துட்டாரு" என்றேன். அம்மா சிரித்தாள்.

அப்பாவுக்கு ஞாபக மறதி வந்துவிட்டது என்று ரொம்ப நாள் பயந்துகொண்டிருந்தேன்.