ஒதுங்கி நின்ற குட்டிகள்

எண்பதுகளின் நடுவில் டென்மார்க்கின் விபோர்க் நகருக்கு வெளியே ஒரு குதிரைப் பண்ணையில் லாயம் துப்புரவாக்கும் வேலை பார்த்தேன். அயலூரான இக்காஸ்டில் துணி ஆலையில் வேலை செய்த நம்மவர்கள், "அண்ணை, சனிக்கிழமை வாங்கோவன்" என்று கூப்பிடுவார்கள். குளிர், தூரம் என்று ஏதாவது சொல்லித் தட்டிக் கழிப்பேன்.

பண்ணையில் டிரஸாஜ் என்ற குதிரை நடைப் போட்டிக்கு ஏற்ற குட்டிகளுக்காக வளர்த்த பொலிக்குதிரை ஒன்று நின்றது. மேய விட்டாலும் மற்றக் குதிரைகளோடு சேராமல் வேலி மூலையில் தனியே நிற்கும். தனி லாயத்தில் பூட்டி வளர்த்தால் வேறு என்ன செய்யும் என்று பண்ணைக்காரர் மேல் எனக்கு எரிச்சல்.

அந்தக் கோடையில் அதன் தரத்தை மதிப்பிட ஒரு பெண்மணி வந்தார். குதிரையைக் கொஞ்ச நேரம்தான் பார்த்தார். பிறகு, வெவ்வேறு பண்ணைகளில் வளர்ந்து அன்று கொண்டுவரப்பட்டிருந்த அதன் ஒரு வயதுக் குட்டிகளைப் புல்வெளியில் அவிழ்த்துவிடச் சொன்னார். நீண்ட காலெட்டு, உயர்ந்த கழுத்து, எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். ஓடிக் களைத்ததும் குட்டிகள் ஆளுக்கொரு பக்கமாக ஒதுங்கி நின்றன. அவற்றில் ஒன்றுகூடத் தகப்பனைக் கண்டதில்லை.

"தாய் வேறு, வளர்ந்த இடம் வேறு. இது தகப்பனின் குணம்" என்றார் அவர்.

அன்று அறைக்குத் திரும்பியபோது யாழ்ப்பாணத்திலிருந்து மனைவியின் கடிதம் வந்திருந்தது. நான் புறப்பட்டபோது வயிற்றில் இருந்த மகளுக்கு அப்போது இரண்டு வயது.

"பிள்ளை ஒருத்தரோடயும் சேராது. மற்றப் பிள்ளையள் விளையாடேக்க, தான் மட்டும் மதிலோட போய்த் தனிய நிக்குது. ஏனெண்டு தெரியேல்லை."

அதுவரை என் தனிமைக்கு நான் டென்மார்க்கைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.