சுமையோடு மொத்தம்

என் சின்ன மாமாவின் மைத்துனர் குடித்துவிட்டு வேனை ஓட்டிக் கவிழ்த்துவிட்டார் என்று எங்கள் குடும்பம் ஐம்பது வருஷத்துக்கும் மேலாக நம்பிக்கொண்டிருந்தது. அவர் மேல் தப்பே இல்லை. வேன் ஏன் கவிழ்ந்தது என்பது பதினோரு வயதில் எனக்குத் தெரியும். வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

என் அம்மாவின் கடைசித் தம்பியான அந்த மாமா, புதுச்சேரியில் உப்பளம் பகுதியில் எங்களுக்கு அடுத்த வீட்டில் இருந்தார். மில்லில் வேலை. பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறியபோது விட்டுப்போனது, அவர்களிடம் வேலை பார்த்தவர்கள் வாங்கித் துருப்பிடிக்க விட்டது என்று அப்போது ஊரில் பழைய மோட்டார் சைக்கிள்கள் நிறையக் கிடைத்தன. மாமா ஷிப்டு முடிந்து வந்து அவற்றைத் தேடிப் பிடிப்பார். பழுது பார்த்து, வர்ணமடித்து, பெங்களூரில் ஒரு வியாபாரிக்கு விற்பார். வாங்குவதும் விற்பதும் சுலபமாக நடந்தன. கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அவரைச் சாகடித்தது.

முதலில் தானே ஓட்டிக்கொண்டு போனார். பெங்களூர் போய்ச் சேர்வதற்குள் வண்டியும் பழசாகிவிடும், மாமாவும் பழசாகிவிடுவார். பிறகு ரயிலில் போட்டுப் பார்த்தார். பெட்ரோலை வடித்து, வைக்கோல் சுற்றி, சாக்கு வைத்துத் தைத்துக் கொடுக்க வேண்டும். வழியில் சின்ன ரயிலிலிருந்து பெரிய ரயிலுக்கு மாற்றுகிற இடத்தில் கண்ணாடிகளும் ஹாரன்களும் மட்டும் இறங்கிக்கொள்ளும். லாரியில் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே அனுப்பினார். பெங்களூர்க்காரர் நெளிந்த மட்கார்டுக்கு ஒரு விலையும் வெங்காய நாற்றத்துக்கு ஒரு விலையுமாகக் குறைத்துக்கொண்டார்.

சொந்தமாக ஒரு வண்டி வாங்கிவிடுவது என்று மாமா தீர்மானித்தார். எந்த வண்டி என்பதுதான் கேள்வி. மாதக்கணக்கில் எங்கள் இரண்டு வீட்டிலும் சோற்றோடு இதையும் பிசைந்துதான் சாப்பிட்டோம். லாரி பெரிய முதல். அதற்கு டீசல் ஊற்றியே சொத்து போய்விடும். ஜீப்பின் பின்னால் டிரெய்லர் கட்டி இழுக்கலாம் என்றார் அப்பா. "எதுக்கு, பின்னால ஒரு யானையைக் கட்டிட்டுப் போனா இன்னும் நல்லா இருக்கும்" என்றார் மாமா. கடைசியில் அவர் கண் ஒரு வேன் மேல் விழுந்தது. வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்று விட்டுப்போன தகர வேன். ஒரு மீன் வியாபாரி அதில் பெரிய மார்க்கெட்டுக்கு ஐஸும் மீனும் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். பெட்ரோலை மிகக் கொஞ்சமாகக் குடிக்கும் என்று அதற்குப் பெயர்.

கணக்கு எளிமையானது. ஒரு நடைக்கு நாலு மோட்டார் சைக்கிள்தான் ஏற்ற முடியுமென்றால் வேன் வாங்குவது வீண். வாடகை லாரியே மேல். ஆறு ஏற்றலாம் என்றால் வேன் லாபம். அவ்வளவு லாபம் என்றால் மில் வேலையை விட்டுவிடலாம். ஆகவே மாமா தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: அந்த வேன் எவ்வளவு சுமை தாங்கும்?

அது எழுதியிருந்தது. கதவுக்கு உள்பக்கம் ஆணி அடித்த ஒரு பித்தளைத் தகட்டில், பிரெஞ்சில்.

எங்கள் வம்சத்திலேயே பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். மாமா என்னை 'முசே', அதாவது பிரெஞ்சில் 'ஐயா', என்றுதான் கூப்பிடுவார். பாதி கேலி, பாதி பெருமை. என்னை சைக்கிளில் உட்கார வைத்து மீன் வியாபாரி வீட்டுக்கு அழைத்துப் போனார்.

"நான் மலைமாதிரி ஐஸ் ஏத்தியிருக்கேன், அசையாது" என்றார் மீன் வியாபாரி. "அதுல இன்னா எழுதியிருக்குதுன்னு மட்டும் எங்கப்பனுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது."

"எங்க முசே படிப்பாரு பாருங்க" என்றார் மாமா.

தகட்டில் இரண்டு வரிகள். மேல்வரி, 'புவா தோத்தால் ஆன் ஷார்ழ்', இரண்டாயிரத்து இருநூறு கிலோ. கீழ்வரி பாதி வர்ணத்தில் மறைந்திருந்தது. நான் அதைச் சுரண்டிப் பார்த்திருக்கலாம். ஆனால் இரண்டு பெரியவர்கள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்படி யாரும் என்னை அதற்குமுன் பார்த்ததில்லை. சுமை என்ற சொல் தெரியும், மொத்தம் தெரியும், எடை தெரியும். மூன்றையும் சேர்த்து, "மொத்தச் சுமை ரெண்டாயிரத்து இருநூறு கிலோ" என்றேன்.

அந்த வரிக்கு அர்த்தம் 'சுமையோடு மொத்த எடை'. அந்த 'ஓடு' என் வாய்க்குள்ளேயே தங்கிவிட்டது.

மாமா விரல்விட்டுக் கணக்குப் போட்டார். பன்னிரண்டு மோட்டார் சைக்கிள் ஏற்றலாம் போலிருக்கிறதே! ஆனால் இடம் ஆறுக்குத்தான் இருந்தது. "நாம ஒண்ணும் பேராசைப்படல, பாதிதான் ஏத்தப்போறோம்" என்று எல்லோரிடமும் சொன்னார். வேலையை விடுவதாக மில்லில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். ஓட்டுவதற்கு அத்தை, மாமாவின் மனைவி, தன் தம்பியைச் சொன்னார். "லைசென்ஸ் வச்சிக்கிட்டு சும்மாதான் சுத்துறான், நாலு எடம் பார்க்கட்டும்" என்றார். அந்தத் தம்பிக்கு அப்போது இருபது, இருபத்தொன்று இருக்கும். நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். வேன் வந்த நாளிலிருந்து அதைத் தேய்த்துக் கழுவியே மீன் வாசனையை விரட்டியவர் அவர்தான்.

இதுவரை நடந்தது அறியாமை. பிறகு நடந்தது அப்படியல்ல.

கிளம்புவதற்கு இரண்டொரு நாள் முன்பு வகுப்பில் கணக்கு ஆசிரியர் கரும்பலகையில் ஒரு பீப்பாய் வரைந்தார். எண்ணெயோடு பீப்பாய் இவ்வளவு எடை, வெறும் பீப்பாய் இவ்வளவு, அப்படியானால் எண்ணெய் எவ்வளவு என்றார். நான் கழித்து விடை எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான் வேன் தகடு ஞாபகம் வந்தது. ஆசிரியர் என் நோட்டில் 'மிக நன்று' என்று போட்டார்.

சாயங்காலம் ஓடிப்போய் வேன் கதவைத் திறந்து, தகட்டின் கீழ்வரியை ஆணியால் சுரண்டினேன். வெறும் வண்டியின் எடை ஆயிரத்து நானூறு. மீதி எண்ணூறு. நாலு மோட்டார் சைக்கிளுக்கே சரியாகப் போகும்.

மாமாவிடம் போனேன். "ஆறு வண்டி அதிகமா இருக்காதா மாமா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "நீதானே சொன்ன முசே? ரெண்டாயிரத்து இருநூறுன்னு போட்டிருக்குல்ல?"

"ஆமா" என்றேன்.

போட்டிருந்தது. அதனால் அது பொய்யில்லை என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தெருவே என்னைப் பிரெஞ்சு படித்த பிள்ளை என்று பேசிக்கொண்டிருந்தது. மாமா வேலையை விட்டாயிற்று. இப்போது போய் எனக்குத் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது?

கிளம்பிய காலையில் ஆறு வண்டிகளையும் தலைமாற்றி அடுக்கி, நடுவே சாக்கு திணித்திருந்தார்கள். இடுக்குகளில் பழைய எஞ்சின்களும் கியர் பெட்டிகளும். சுமை தாங்கும்போது இடத்தை ஏன் சும்மா விட வேண்டும்? வேனின் பின்பக்கம் கர்ப்பிணி உட்கார்ந்தது போலத் தணிந்திருந்தது. அத்தை சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாங்க, வண்டி இப்டி உக்காந்துபோச்சு?"

"அதெல்லாம் தாங்கும். இவனைக் கேளு" என்று மாமா என்னைக் காட்டினார்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் சிரித்தேன்.

மறுநாள் மத்தியானம் ஒரு லாரிக்காரர் வந்து தகவல் சொன்னார். செங்கம் தாண்டி ஒரு மலைச் சரிவில் வேன் நிற்காமல் ஓடிப் பள்ளத்தில் கவிழ்ந்துவிட்டது. உயிருக்கு ஒன்றுமில்லை. அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

வேனில் கூடப் போயிருந்த மாமா இரண்டு நாள் கழித்து, கிழிந்த சட்டையும் வெறுங்காலுமாக வந்தார். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். என்னைத்தான் முதலில் கேட்பார், "ஏண்டா அப்படிப் படிச்ச?" என்று கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் என்னைப் பார்க்கவேயில்லை. நேராக அத்தையிடம் போய், "உன் தம்பி குடிச்சிட்டு ஓட்டியிருக்கான்" என்றார்.

அப்போது தமிழ்நாட்டில் மதுவிலக்கு, புதுச்சேரியில் இல்லை. புதுச்சேரியிலிருந்து வந்த வண்டி அங்கே கவிழ்ந்தால் யாரும் காரணம் தேடுவதில்லை. சம்பவ இடத்துக்கு வந்த போலீஸ்காரர், "பாண்டி வண்டியா? அப்ப சரி" என்றாராம். மாமா அந்நேரம் முன் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் போலீஸ்காரர் சொன்னது வந்து உட்கார்ந்துகொண்டது.

அண்ணனை இடது கால் முறிந்த நிலையில் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனோம். "நான் பிரேக்கை மிதிச்சேன் மாமா. புடிக்கல. பின்னாலேர்ந்து தள்ளிக்கிட்டே வந்துச்சு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

"பிரேக் எப்டிப் புடிக்கும்? உள்ள போனதுதான் புடிச்சிருக்கும்" என்றார் மாமா.

கட்டிலைச் சுற்றி நின்ற உறவினர்கள் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இந்த வயதிலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அண்ணனின் கால் கோணலாகவே கூடியது. அவர் பிறகு எந்த வண்டியையும் தொடவில்லை. தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறைக்குக் காவலாளியாகப் போனார். மாமாவை மில்லில் திரும்பச் சேர்க்கவில்லை. சைக்கிள் கடையில் நின்றார். தம்பி இருக்கும் வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது என்று அத்தையிடம் சொல்லிவிட்டார். அத்தையின் அம்மா இறந்தபோதுகூட, அத்தை அந்தத் தெருமுனை வரை போய், பறைச் சத்தத்தைக் கேட்டு நின்றுவிட்டுத் திரும்பினார். துணைக்குப் போனவன் நான். வழியெல்லாம் அவர் ஏன் அழவில்லை என்று மட்டும் யோசித்துக்கொண்டு வந்தேன்.

வளர்ந்து அரசாங்கத்தில் பிரெஞ்சுப் பத்திரங்களைத் தமிழாக்கும் வேலையில் சேர்ந்தேன். ஒரு சொல்லை விட்டுவிட்டேன் என்று யாரும் குறை சொன்னதில்லை.

மாமா படுத்த படுக்கையான பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. தகட்டைப் பற்றியும் பீப்பாய்க் கணக்கைப் பற்றியும் சொன்னேன். கேட்டுவிட்டு, "நீ சின்னப் பையன். உனக்கு இன்னா தெரியும்? எனக்குச் சாராய வாசனையே வந்துச்சு" என்றார். தூங்கிக்கொண்டிருந்தவருக்கு வாசனை வந்திருக்கிறது. இத்தனை வருஷமாகச் சொல்லிச் சொல்லி அது அவருக்கு நிஜமாகவே வந்திருந்தது. அந்த வாசனையோடுதான் போனார்.

கருமாதி முடிந்ததும் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தன் வலது பாதத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மிதிச்சேன் மிதிச்சேன்னு சொன்னேன். ஒருத்தரும் நம்பல. கொஞ்ச நாள்ல எனக்கே சந்தேகம் வந்துடுச்சுப்பா. ஒருவேளை மிதிக்கலையோ, கண்ணு அசந்துட்டனோன்னு. கனவுலகூட மிதிச்சுப் பார்ப்பேன். இப்ப வந்து நான் மிதிச்சேன்னு சொல்ற."

மன்னிப்புக் கேட்டேன். "அக்காகிட்ட சொல்லு" என்றார்.

அத்தையிடம் சொன்னபோது அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். முழுதும் கேட்டு முடித்து, எழுந்து புடவை மாற்றிக்கொண்டு வந்தார். ஆட்டோவில் தட்டாஞ்சாவடிக்கு அழைத்துப் போனேன். என் பாரம் இறங்கப்போகிறது என்று, வெட்கமில்லாமல், எனக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

இரண்டு கிழங்களும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பிறகு அத்தை கேட்டார்.

"ஏண்டா, மாமா நம்பாட்டி போறாரு. நீ எங்கிட்ட ஒரு வார்த்தை தனியா சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேன்க்கா. ஆஸ்பத்திரியில, எல்லாரும் போனப்புறம். 'குடிக்காதவனைக் குடிச்சான்னு எதுக்குடா சொல்லப்போறாங்க'ன்னு கேட்ட."

அத்தையின் முகத்தில் அதிர்ச்சியைப் பார்த்தேன். தாக்கப்பட்டவர் முகம் அப்படித்தான் இருக்கும். அதுவரை அவர் கணவனின் கட்டளைக்குக் கட்டுப்பட்டுத் தம்பியை இழந்தவர். என் உண்மை அவரைத் தம்பியைத் தானே நம்பாத அக்காவாக ஆக்கிவிட்டது. எனக்குப் பதினோரு வயதில் விளங்காதது இதுதான்: நான் சொல்லாமல் விட்டது என்னிடமே இருக்கும் என்று நினைத்தேன். அது அன்றே வீட்டைவிட்டு வெளியே போய், ஒவ்வொருவரையும் ஒவ்வொரு தப்பைச் செய்ய வைத்துக்கொண்டிருந்தது.

அத்தை தம்பியின் கோணல் காலைத் தொட்டார். அவர் இழுத்துக்கொள்ளவில்லை.

அதன்பிறகு அத்தை அடிக்கடி அங்கே போகிறார். இந்த வயதில் பஸ் வேண்டாம், நான் வண்டி ஏற்பாடு செய்கிறேன் என்று ஒருமுறை வாசலில் மறித்துச் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்க்காமல் செருப்பை மாட்டினார்.

"வேணாம்பா. நீ சொல்ற வண்டியில நான் ஏற மாட்டேன்."

சொல்லிவிட்டு பஸ் நிறுத்தத்தை நோக்கி மெதுவாக நடந்தார். பஸ் வரும்வரை நான் எதிர்ப்பக்கம் நின்றேன். அவர் ஏறியதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.