புல்லுக்கும் முறை உண்டு

கரிவலம்வந்தநல்லூர் சாலையில் இருந்த ஒரு நூற்பாலையில் எனக்குத் தோட்டக் கண்காணிப்பு வேலை. பெயர்தான் தோட்டம். முதலாளியும் அவருடைய விருந்தாளிகளும் கோல்ஃப் ஆடுவதற்காக வளர்த்த புல்வெளி அது. எண்பதுகளில் மழை பொய்த்த ஒரு வருடம், குடிதண்ணீருக்கே ஊர் குடத்தோடு அலைந்தபோது நான் புல்லுக்கு இரண்டு வேளையும் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தேன். வெட்டுவது, உரம் போடுவது, கோரை எடுப்பது எதிலும் எனக்குச் சண்டை இல்லை. தண்ணீரில்தான் வந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் என் அக்காவின் மிளகாய்த் தோட்டம். அத்தான் இறந்தபின் அவளுக்கு அதுதான் சோறு. மில்லின் ஆழ்குழாய் மோட்டார் ஓடினால் அவள் கிணறு வற்றும், நிறுத்தினால் ஊறும்.

"ஏலே, பூவும் பிஞ்சுமா நிக்கி. இப்பத் தண்ணி பாய்ச்சலன்னா அம்புட்டும் உதிந்துரும்" என்று வேலியோரம் வந்து நின்றாள்.

எங்கள் பக்கத்தில் பங்குக் கிணறு என்றால் முறை உண்டு. ஒருத்தர் முறையில் இன்னொருத்தர் இறைத்தால் வெட்டுக்குத்து வரை போகும். பூமிக்கடியில் இருப்பதும் பங்குத் தண்ணீர்தானே? ஒருநாள் புல்லுக்கு, மறுநாள் அக்காவுக்கு என்று நானே முறை வைத்தேன். அக்கா முறையன்று மோட்டாரின் பீஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன்.

புல் பழுத்தது. மேனேஜர் குதித்தார்.

"பழுத்த புல்லுல பந்து உருளாதா சார்?"

"பச்சையா இருந்தாத்தான்யா மைதானம். நம்ம போர், நம்ம தண்ணி."

"போரு உங்களுது. தண்ணிக்கு வேலி போட்டிருக்கியளோ?"

அந்த இடத்திலேயே வேலை போயிற்று. எனக்குக் கவலை வரவில்லை, கோபம்தான் வந்தது. கட்டையைக் கேட்டுக் கையை நீட்டினார்.

"இன்னைக்கு எங்க அக்கா முறை சார். நாளைக்குக் காலையில கொண்டாந்து தாரேன்."

சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன். மில் எலெக்ட்ரீசியன் எங்கள் ஊர்க்காரர். முறை என்றால் என்னவென்று தெரிந்தவர். வேறு கட்டை இல்லை என்று கையை விரித்துவிட்டார். மோட்டார் ஓடவில்லை.

சாயங்காலத்துக்குள் அக்கா கடைசிப் பாத்திவரை பாய்ச்சிவிட்டாள். "இருந்த வேலையையும் தொலைச்சிட்டியேலே" என்று வைதுகொண்டேதான் மடையைத் திருப்பினாள்.

மறுநாள் காலையில் கட்டையைக் கொண்டுபோய் மேனேஜர் மேசையில் வைத்தேன். அன்றைக்குப் புல்லின் முறை.