எங்கள் ஊர் எந்தப் பிரதேசம்

எங்கள் ஊரில் மொத்தம் நாற்பது வீடுகள். அதை ஆள எத்தனை அரசாங்கக் கந்தோர்கள்! நான் பிறந்தபோது அது ஒரு பிரதேசத்தின் கீழ் இருந்தது. நான் கல்யாணம் கட்டிச் சிட்னிக்கு வந்த பிறகு, எங்கேயோ இருந்த ஒருவர் வரைபடத்தில் கோட்டை மாற்றி இழுத்து இன்னொரு பிரதேசத்தோடு சேர்த்துவிட்டார். சண்டை முடிந்ததும், ஊருக்கென்று இருந்த எங்கள் கிராம சேவையாளர் பிரிவையே எடுத்துவிட்டார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

தம்பி படகில் வந்து தடுப்பு முகாமில் இருந்தபோது, அவனுடைய அகதி விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். சிட்னியில் நாங்கள் இருக்கும் செவன் ஹில்ஸில் எங்கள் சனம் படிவம் என்றால் என்னைத்தான் தேடி வரும். அந்தத் தலைக்கனம் எனக்கு. ஊர் விவரத்தை அவனிடம் கேட்காமல் என் பிறப்புச் சான்றிதழைப் பார்த்து எழுதினேன். ஒரே வீட்டில் பிறந்த பிள்ளைகள்தானே.

நேர்முகத்தில் அவன் புதிய பிரதேசத்தைச் சொன்னான். விண்ணப்பத்தில் இருந்தது பழையது. சொந்த ஊரே தெரியாதவன் சொல்லும் மற்றக் கதைகளை எப்படி நம்புவது என்று எழுதி, அதிகாரி நிராகரித்துவிட்டார்.

"ஏன்டா எனக்கு முதலே சொல்லேல்லை?" என்று அவன்மேல் பாய்ந்தேன்.

"நீங்கள் கேக்கேல்லையே அக்கா."

மேன்முறையீட்டுக்காக ஊரின் நிர்வாக வரலாற்றை இரண்டு பக்கத்தில் எழுதினேன். அக்கா எழுதியது செல்லாது, அரசாங்கக் கடிதம் வேண்டும் என்றார் வக்கீல். பக்கத்து ஊர் கிராம சேவையாளருக்குப் போன் எடுத்தேன்.

"அந்தப் பிரிவே இப்ப இல்லை அக்கா. சண்டைக்கு ஓடின சனமும் திரும்பி வரேல்லை. இல்லாத ஊருக்கு நான் என்னெண்டு கடிதம் தாறது?"

வாயில் வந்தபடி ஏசினேன். பாவம், அவர் என்ன செய்வார். மேன்முறையீடும் தோற்றது.

போன மாதம் அவனைத் திருப்பி அனுப்பும் கடிதம் வந்தது. சொந்த இடம் என்ற கட்டத்தில் ஊரின் பெயரும் பிரதேசத்தின் பெயரும் சுத்தமாக அச்சாகியிருந்தன. அவன் எந்த ஊர் என்பதில் இப்போது யாருக்கும் சந்தேகம் இல்லை. பிரதேசம் மட்டும் பழையது, நான் எழுதிக் கொடுத்தது.

"இதைத் திருத்தச் சொல்லட்டோ?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

"வேண்டாம் அக்கா," என்றான். "அங்க ஆர் இருக்கினம், பாக்கிறதுக்கு."